இருட்டுல எடுத்த புள்ளை படம்: ஒரு சின்ன வரலாறு



இந்த வாரம் மஞ்சள் விலையும் இல்லை, வாய்க்கால் தண்ணியும் இல்லை. புள்ளைக போட்டோவைப் பத்தி எழுதப் போறேன்.

எங்க பங்காளி வீடுகள்ல யாருக்குக் குழந்தை பொறந்தாலும், செல்போன்ல எடுத்த படங்களைச் சரிபண்ணி, நாலு பிரிண்ட் போட்டு, ஆத்தாக்களுக்கும் அம்மாயிகளுக்கும் குடுக்கற வேலை எப்படியோ எங்கிட்ட வந்து சேர்ந்துருச்சு. காரணம், பத்தாவது முடிச்சுட்டு, தோட்டத்துக்கு வர்றதுக்கு முன்னால, 1987லிருந்து ரெண்டு வருசம் கோபியில ஒரு ஸ்டுடியோ டார்க் ரூம்ல வேலை பார்த்தேன். ஹைப்போ நாத்தம் இன்னும் மூக்குல இருக்குது. அதனால "சித்தப்பா, 80 போட்டோ இருக்குது, ஒண்ணுகூடத் தெளிவா இல்லை. ஏதாச்சும் பண்ணுங்க"ன்னு அண்ணன் மக அனுப்புனா, தட்டிக் கழிக்க முடியறதில்லை.

தெளிவில்லாததுக்கு அந்தப் புள்ளையைக் குறை சொல்ல முடியாதுங்க. பச்சைக் குழந்தையை நாம எங்க வெச்சுருப்போம்? ஊட்டுக்குள்ள ஒதுக்கமா ஒரு ரூமு. காத்து அடிக்கக் கூடாது, வெளிச்சம் கண்ணுல படக் கூடாது, கண்டவங்க கண்ணும் படக் கூடாது. சன்னலுக்குத் துணி கட்டியிருக்கும். குழந்தை சேலைத் தொட்டிலுக்குள்ள ஆழமாக் கிடக்கும். ராத்திரின்னா ஜீரோ வாட்ஸ் பல்பு. பேருதான் ஜீரோ, அதுவும் 15 வாட்ஸ் கரண்டு குடிக்கும். வெளிச்சம் மட்டும் ஜீரோவுக்குப் பக்கத்துல. அதுபோகப் புள்ளை கை கால் ஆட்டாம ஒரு நொடி இருக்காது. இருட்டு, அசைவு ரெண்டும் சேர்ந்தா, எந்தக் காலத்துக் கேமராவுக்கும் சிரமம்தான். அந்தச் சிரமத்துக்கு 180 வருசத்துக்கு மேல வரலாறு இருக்குது. அதைத்தான் சொல்ல வர்றேன்.

துணிக்குள்ள ஒளிஞ்ச அம்மாக்கள்

பிரான்ஸ் நாட்டு லூயி தாகேர் தன்னோட புகைப்பட முறையை உலகத்துக்கு அறிவிச்சது 1839ல. வெள்ளி பூசின செம்புத் தகட்டுல படம் விழும். ஆரம்பத்துல ஒரு படத்துக்குப் பல நிமிசம் ஆகும். தெருவையும் கட்டடத்தையும் எடுக்கலாம். ஆளை எடுக்கறது பெரும்பாடு. லென்ஸும் மருந்தும் மேம்பட்டு, நேரம் நிமிசத்துலருந்து நொடிகளுக்கு இறங்குச்சு. 1851ல ஃபிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் ஈரக் கண்ணாடித் தகடு முறையைக் கொண்டுவந்தார். அப்பவும் ஸ்டுடியோவுல நல்ல வெளிச்சத்துலயே சில நொடி அசையாம உக்காரணும். பெரியவங்களுக்குப் பின்னால கழுத்தைத் தாங்க இரும்புத் தாங்கி வெப்பாங்க. ஆறு மாசக் குழந்தைக்கு என்ன பண்றது?

அதுக்கு இங்கிலாந்துலயும் அமெரிக்காவுலயும் ஒரு வழி பண்ணுனாங்க. அம்மாவை நாற்காலியில உக்கார வெச்சு, தலையோட சேர்த்துப் போர்வையாலயோ திரைத் துணியாலயோ மூடிருவாங்க. மடியில குழந்தை. அம்மா கை துணிக்குள்ள இருந்து புள்ளையைக் கெட்டியாப் புடிச்சிருக்கும். படத்துல குழந்தை மட்டும் தெரியற மாதிரி ஓரத்தைச் சட்டம் போட்டு மறைச்சிருவாங்க. சட்டத்தைக் கழட்டிப் பார்த்தா, பின்னால ஒரு துணிப் பொதி உக்காந்திருக்கும். இந்தப் படங்களை இன்னைக்கு 'ஒளிந்த தாய்' படங்கள்னே சொல்றாங்க, சேகரிக்கறவங்களும் இருக்காங்க.

இதைப் படிச்சப்போ எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, எங்க ஸ்டுடியோ ஞாபகமும் வந்துச்சு. நாங்களும் அதேதான் பண்ணுனோம். குழந்தையை மெத்தை போட்ட ஸ்டூல்ல குப்புறப் படுக்க வெச்சு, அரைஞாண் தெரிய ஒரு படம். ஸ்டூலுக்குப் பின்னால அவங்கம்மா குனிஞ்சு காலைப் புடிச்சிருப்பாங்க. பிரிண்ட் போடறப்போ அந்தக் கையை வெட்டிருவோம். பல வீட்டு ஆல்பத்துல ஓரத்துல நாலு விரலும் கண்ணாடி வளையலும் மட்டும் தப்பிச்சுக் கிடக்கும். உங்க வீட்டுப் பழைய ஆல்பத்தை எடுத்துப் பாருங்க, கண்டிப்பா ஒண்ணு இருக்கும்.

கோழிக் கொட்டாயில் ஒரு ஸ்டுடியோ

மங்கலான படத்தைப் பத்திப் பேசறப்போ ஒரு அம்மாவைச் சொல்லாம இருக்க முடியாது. ஜூலியா மார்கரெட் கேமரன். பேருலயே கேமரா மாதிரி ஒண்ணு இருக்குது, ஆனா அது வீட்டுக்காரர் வழியா வந்த பேரு. 1815ல கல்கத்தாவுல பொறந்தவங்க. 48ஆவது வயசுல, 1863 கடைசியில, மகளும் மருமகனும் ஒரு கேமராவைப் பரிசாக் குடுத்தாங்க. இங்கிலாந்துல வைட் தீவுல வீடு. அந்தம்மா வீட்டுக் கோழிக் கொட்டாயைக் கண்ணாடி போட்டு ஸ்டுடியோ ஆக்கிட்டாங்க. கரி போட்டு வெச்சிருந்த ரூமு டார்க் ரூம் ஆயிருச்சு. கோழி வளர்க்கற எனக்கு இது ரொம்பப் புடிச்ச விசயம்.

அக்கம்பக்கத்துக் குழந்தைகள், பேரக் குழந்தைகள், வேலைக்காரங்கன்னு கையில சிக்குனவங்களை எல்லாம் உக்கார வெச்சு எடுத்தாங்க. பெரிய தகடு, கம்மி வெளிச்சம், அதனால நிமிசக் கணக்குல அசையாம இருக்கணும். குழந்தை அசையும், முகம் கரைஞ்ச மாதிரி விழும். தகட்டுல கீறலும் விரல் ரேகையும் இருக்கும். அந்தக் காலப் புகைப்பட நிபுணர்கள் இதுக்கு வேலை தெரியலைன்னு பேரு வெச்சாங்க. அந்தம்மா மாத்திக்கல. இன்னைக்கு லண்டன் அருங்காட்சியகத்துல அந்தப் படங்களை வெச்சுக் கொண்டாடறாங்க. கடைசிக் காலத்துல குடும்பத்தோட இலங்கைக்கு வந்து, அங்கயும் தோட்டத்து ஆளுகளைப் படம் எடுத்து, 1879ல அங்கயே காலமானாங்க.

இதுலருந்து நான் எடுத்துக்கிட்டது ஒண்ணு. மங்கலா இருக்கறதும் மோசமா இருக்கறதும் வேற வேற. முகத்துல அந்தப் புள்ளையோட சாயல் இருந்தா, மங்கல் ஒரு பெரிய குத்தம் இல்லை.

தஞ்சாவூர் வானத்துல கையால வரைஞ்ச மேகம்

"எடிட்டிங் எல்லாம் இப்ப வந்த பித்தலாட்டம், அந்தக் காலத்துப் போட்டோதான் உண்மை"ன்னு டீக்கடையில ஒரு பெரியவர் அடிச்சுச் சொன்னார். அவருக்கு நான் சொன்ன கதை இது.

சென்னை மாகாண அரசோட புகைப்படக்காரரா இருந்தவர் லின்னேயஸ் டிரைப். 1858ல மதுரை, தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டைன்னு சுத்திக் கோயில்களையும் கோட்டைகளையும் எடுத்தார். தமிழ்நாட்டோட ஆரம்பகாலப் புகைப்படங்கள்ல அவை முக்கியமானவை. அவர் பயன்படுத்துனது மெழுகு பூசின காகித நெகட்டிவ். அந்தக் கால மருந்து நீல நிறத்துக்கு மட்டும் அதிகமாத் துள்ளும். அதனால வானம் மொத்தமும் வெளுத்து மொட்டையா விழுந்துரும். டிரைப் என்ன பண்ணுனார்? நெகட்டிவ்ல கையாலயே வண்ணம் தீட்டி மேகம் போட்டார். மர இலைகளையும் அங்கங்க தீட்டிச் சரிபண்ணுனார். ஆக, நம்ம ஊரு மண்ணுல போட்டோ எடுக்க ஆரம்பிச்ச நாள்லயே எடிட்டிங்கும் ஆரம்பிச்சுருச்சு. பெரியவர் டீயை உறிஞ்சிட்டு, "அப்போ அந்த மேகம் பொய்யா?"ன்னு கேட்டார். மேகம் பொய், கோபுரம் நெசம். இந்த வித்தியாசத்தை ஞாபகம் வெச்சுக்குங்க, பின்னால தேவைப்படும்.

அந்த மருந்துக்கு இன்னொரு குணமும் உண்டு. சிவப்பு, மஞ்சள் நிறங்களை அது சரியாப் பார்க்காது. எல்லாம் கருப்பாத் தெரியும். நம்ம தோல்ல இருக்கறது சிவப்பும் மஞ்சளும் கலந்த பழுப்பு. அதனால மாநிறமா இருக்கற ஆளும் படத்துல கன்னங்கரேல்னு விழுவார். "போட்டோவுல கருப்பா இருக்கேன்"னு நம்ம பாட்டன் பூட்டன் சொன்னதுல பாதி மருந்தோட கோளாறு. எல்லா நிறத்தையும் ஓரளவு சமமாப் பார்க்கற தகடு 1906 வாக்குலதான் விற்பனைக்கு வந்துச்சு.

வெளிச்சம் வந்த கதை

1887ல ஜெர்மனியில அடால்ஃப் மீதேவும் யோகான்னஸ் கேடிக்கேவும் மக்னீசியத் தூளோட இன்னொரு உப்பைக் கலந்து, பத்த வெச்சா 'பளிச்'னு எரியற பொடியைக் கொண்டுவந்தாங்க. ராத்திரியிலயும் ஊட்டுக்குள்ளயும் படம் எடுக்க வழி பொறந்துச்சு. ஆனா அது கிட்டத்தட்ட வெடிமருந்து. புகை மூட்டம், சூடு, தீக்காயம். பச்சப் புள்ளைக்கு முன்னால யாரு அதைக் கொளுத்துவாங்க? 1930 வாக்குல கண்ணாடிக்குள்ள எரியற ஃபிளாஷ் பல்பு வந்துச்சு. ஒரு படத்துக்கு ஒரு பல்பு, எரிஞ்சதும் தூக்கிப் போட வேண்டியதுதான். அதுக்கப்புறம் எலெக்ட்ரானிக் ஃபிளாஷ்.

நம்ம பக்கம் நிலைமை வேற. நீலகிரியில பைக்காரா மின்நிலையம் 1932ல வந்து கோயமுத்தூர் மில்லுகள் ஓடுச்சு. ஆனா எங்க தோட்டத்து ஊட்டுக்குக் கரண்டு வந்தது 1971ல. அதுவரைக்கும் சிமினி விளக்கும் லாந்தரும். அந்த வெளிச்சத்துல குழந்தைப் படம்ங்கற பேச்சுக்கே இடமில்லை. ஃபிளாஷ் வந்தப்புறமும், "புள்ளை கண்ணுக்கு ஆகாது", "போட்டோ எடுத்தா ஆயுசு கொறையும்"னு பெரியவங்க தடுத்தாங்க. அதனால எங்க ஊர்ல பல பேருக்கு முதல் படமே மொட்டை போட்டுக் காது குத்தறப்போ எடுத்ததுதான். அதுக்கு முந்துன முகத்துக்குச் சாட்சி இல்லை.

இதை மூடநம்பிக்கைன்னு மட்டும் ஒதுக்க எனக்கு மனசு வராது. ஒரு வயசு தாண்டறதுக்குள்ள போன குழந்தைகள் அந்தக் காலத்துல ஏராளம். எங்க ஆத்தாவுக்கே பொறந்தது ஒம்பது, தங்குனது அஞ்சு. ஆசையா ஒரு படம் எடுத்து வெச்சு, புள்ளை போயிட்டா அந்தப் படத்தை எந்த மனசோட பார்க்கறது? படம் எடுக்க வேண்டாம்னு சொன்னதுக்குப் பின்னால அந்தப் பயம்தான் இருந்துச்சு.

ஊட்டியில தயாரான ஃபிலிம்

நம்ம தமிழ்நாட்டுக்கு இதுல ஒரு பெருமை உண்டு. 1960ல மத்திய அரசு ஊட்டியில 'இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ்' கம்பெனியை ஆரம்பிச்சுது. 1967ல உற்பத்தி தொடங்குச்சு. ஃபிலிமுக்குத் தூசி ஆகாது, சூடு ஆகாது. அதுக்கு ஊட்டி தோதான இடம். 'இந்து'ங்கற பேர்ல கருப்பு வெள்ளை ஃபிலிமும், பிரிண்ட் போடற புரோமைடு பேப்பரும், ஆஸ்பத்திரிக்கு எக்ஸ்ரே ஃபிலிமும் வந்துச்சு. அதுபோகக் கிழக்கு ஜெர்மனியிலருந்து வந்த 'ஓர்வோ' ஃபிலிமும் உண்டு. எங்க ஸ்டுடியோவுல ரெண்டும் இருந்துச்சு. கலர் காலத்தோட போட்டி போட முடியாம ஊட்டிக் கம்பெனி 90கள்ல நலிஞ்சு, அப்புறம் மூடியே போச்சு. தமிழ்நாட்டுல எத்தனையோ கல்யாணமும் புள்ளைகளும் ஊட்டிக் குளிர்ல தயாரான அந்தச் சுருள்லதான் பதிஞ்சிருக்கும்.

ஊருக்குள்ள ஒரு கேமரா இருந்துச்சுன்னா அது அநேகமா ஆக்ஃபா கிளிக்-3. இந்தியாவுலயே தயாரானது. ஒரு சுருள்ல 12 சதுரப் படம். வெயிலு, மேகம்னு சின்னத் தேர்வு தவிர வேற ஒண்ணும் மாத்த முடியாது. வெயில்ல எடுத்தா அருமையா விழும். திண்ணையைத் தாண்டி ஊட்டுக்குள்ள வந்துட்டா, நெகட்டிவ் வெறும் கண்ணாடி மாதிரி மெல்லிசா இருக்கும். அந்த மாதிரி நெகட்டிவ்லருந்து ஒரு முகத்தைக் கொண்டுவர்றதுதான் டார்க் ரூம்ல எங்க வேலை.

பென்சிலும் நிறமும்

அங்க ரெண்டு வித்தை கத்துக்கிட்டேன். ஒண்ணு, கை வித்தை. என்லார்ஜர்லருந்து வெளிச்சம் பேப்பர் மேல விழறப்போ, குழந்தை முகம் இருக்கற இடத்துல மட்டும் கையை ஆட்டிக் கொஞ்ச நேரம் மறைக்கணும். வெளிச்சம் கம்மியா விழுந்தா பிரிண்ட்ல அந்த இடம் வெளிச்சமா வரும். கையை ஆட்டாம நிறுத்துனா முகத்தைச் சுத்தி வட்டம் விழுந்து சாமி படம் மாதிரி ஆயிரும். இன்னைக்குச் செல்போன்ல 'ஷேடோஸ்'னு ஒரு கோடு இருக்குதே, அதை இழுக்கறீங்களே, அது அந்தக் கைதான்.

ரெண்டாவது, 'டச்சிங்'. நெகட்டிவ்ல ஒரு பசையைத் தடவி, கூர் சீவின பென்சிலால புள்ளி புள்ளியா வெக்கறது. நெகட்டிவ்ல எங்க கருப்பு ஏறுதோ, பிரிண்ட்ல அங்க வெளுக்கும். பரு, தழும்பு, கண்ணுக்குக் கீழ நிழல் எல்லாம் மறையும். இதுல ஒரு சங்கதியைக் கவனிங்க. பென்சிலால வெளுக்கத்தான் முடியும். கருப்பாக்கணும்னா நெகட்டிவைக் கத்தியால சுரண்டணும். கை தவறுனா போச்சு. ஆக, அந்தத் தொழிலோட சுலபமான பக்கமே வெளுக்கற பக்கம். அதோட நம்ம ஆளுகளோட ஆசையும் சேர்ந்துக்கிச்சு. "புள்ளையைக் கொஞ்சம் செவப்பாப் போட்டுக் குடுங்க"ன்னு கேக்காத குடும்பம் இல்லை. பொண்ணுப் புள்ளைன்னா ரெண்டு தடவை கேப்பாங்க. மாவு பூசின மாதிரி ஆன எத்தனையோ முகம் எங்க ஊருச் சுவத்துல தொங்குது. அந்தப் படத்துல இருக்கறது தான்தான்னு நம்பாம வளர்ந்த பொண்ணுகளை எனக்குத் தெரியும்.

கலர் வந்தப்புறம் இதை மெசினே பண்ண ஆரம்பிச்சுது. கோடாக் கம்பெனி லேபுகளுக்கு ஒரு மாதிரிப் படம் அனுப்பும். அதுல ஒரு வெள்ளைக்காரப் பொண்ணு இருப்பா. அந்த அட்டைக்கே 'ஷெர்லி'ன்னு பேரு. அவ தோல் சரியா வந்தா மெசின் சரியா இருக்குதுன்னு அர்த்தம். ஃபிலிமும் அதுக்குத் தகுந்த மாதிரிதான் தயாராச்சு. கருத்த தோலோட நுணுக்கம் அதுல விழாது. கம்மி வெளிச்சத்துல சுத்தமா விழாது. கண்ணும் பல்லும்தான் தெரியும். பல வருசம் கழிச்சு ஃபிலிமைத் திருத்துனதுக்கு ஒரு காரணம், சாக்லேட் கம்பெனிக்காரங்களும் மரச்சாமான் விக்கறவங்களும் "எங்க பழுப்பு நிறம் சரியா வரலை"ன்னு சொன்ன புகார்தானாம். மனுசத் தோலுக்குக் கிடைக்காத மரியாதை மேசை நாற்காலிக்குக் கிடைச்சுது.

1976ல ஜப்பான்காரங்க நோரிட்சு மினிலேப் மெசினைக் கொண்டுவந்தாங்க. முக்கால் மணி நேரத்துல பிரிண்ட். அந்த மாதிரி கலர் லேபு நம்ம ஊர்களுக்கு வந்தப்போ எங்க டார்க் ரூம் தொழில் படுத்துருச்சு. நானும் மம்பட்டியைப் புடிக்கத் தோட்டத்துக்கு வந்துட்டேன்.

செல்போன் என்ன பண்ணுது?

செல்போன் கேமராவுல வெளிச்சத்தை வாங்கற சில்லு பெரும்பாலும் சுண்டுவிரல் நகத்தை விடச் சின்னது. கொட்டாங்குச்சியில மழைத் தண்ணி புடிக்கற மாதிரி. நல்ல மழைன்னா கொட்டாங்குச்சியும் நிறையும். தூறல்னா அண்டா வெச்சாத்தான் தேறும். வெளிச்சம் பத்தலைன்னா, வந்த கொஞ்சத்தை மெசின் பெருக்கிக் காட்டும். அப்போ கூடவே இரைச்சலும் பெருகும். அதுதான் படத்துல சிவப்பும் பச்சையுமா மணல் தூவின மாதிரி தெரியறது.

இதுக்கு மாத்தா வந்ததுதான் 'நைட் மோடு'. 2018ல கூகுள் பிக்சல் போன்ல வந்தப்புறம் பரவலாச்சு. ஒரு படத்துக்குப் பதிலாப் பல படத்தை அடுத்தடுத்து எடுத்து, ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி இரைச்சலைக் கழிக்குது. சுவரு, தொட்டில், கட்டில் எல்லாம் பளிச்னு வரும். புள்ளை சும்மா இருந்தாத்தானே? கைக்கு ஏழு விரல் முளைச்ச மாதிரி வரும். தாகேர் காலத்துப் பிரச்சினையேதான், வேற ரூபத்துல.

இதெல்லாம் பொறுத்துக்கலாம். எனக்குப் பயம் வேற ஒண்ணுல. மங்கலான முகத்தை ஒரே தட்டுல தெளிவாக்கித் தர்ற செயலிகள் வந்துருக்குது. அது ஏற்கெனவே பார்த்த லட்சக்கணக்கான முகத்தை வெச்சு, இங்க கண்ணு இப்படி இருந்திருக்கும், உதடு இப்படி இருந்திருக்கும்னு ஊகிச்சுப் புதுசா வரையுது. படத்துல இல்லாததை எங்கிருந்து கொண்டுவரும்? அடுத்த ஊட்டுப் புள்ளைகிட்ட இருந்துதான்.

எங்க பெரியத்தைக்கு மூத்த குழந்தை ஆணு. 1976ல பொறந்து, பதினோரு மாசத்துல வயித்துப்போக்குல போயிருச்சு. அதுக்கு இருக்கறது ஒரே படம். பொழுது சாயற நேரம், கட்டுத்தறிக்குப் பக்கத்துல, யாரோ இரவல் கிளிக்-3ல எடுத்தது. தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெருசு. ஒரு பக்கம் முகம் அசைஞ்சிருக்கும். கன்னத்துல பெருசா ஒரு திருஷ்டிப் பொட்டு. அத்தை அதை அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்துல ஒரு டப்பாவுல வெச்சிருப்பாங்க.

அத்தைக்கு எழுபது வயசு நிறைஞ்சப்போ, பேரன் ஆசையா அந்தப் படத்தை டவுன்ல ஒரு கடையில குடுத்து, தெளிவாக்கி, பெருசா சட்டம் போட்டுக் கொண்டாந்தான். கண்ணு ரெண்டும் மினுங்குச்சு. தோல் பால் வெள்ளை. பொட்டைக் கறைன்னு நெனச்சு மெசின் துடைச்சுருச்சு. அத்தை ரொம்ப நேரம் பார்த்துட்டு, "நல்லாருக்குது சாமி. யாரு ஊட்டுப் புள்ளை இது?"ன்னு கேட்டாங்க.

பேரன் மூஞ்சி சுண்டிப் போச்சு. அவனைக் குத்தம் சொல்ல ஒண்ணுமில்லை, பாசத்துல பண்ணுனது. அந்தச் சின்னப் படத்தை நான் வாங்கி, 1200 டிபிஐல ஸ்கேன் பண்ணி, தூசியையும் மடிப்புக் கோட்டையும் மட்டும் எடுத்தேன். முகத்துல வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏத்துனேன். அசைவை அப்படியே விட்டுட்டேன். நாலுக்கு நாலு இஞ்சு, மேட் பேப்பர், கருப்பு வெள்ளை. அத்தை கன்னத்துல விரலை வெச்சு, "இந்தா, பொட்டு"ன்னாங்க. இப்ப அது சாமி ரூம்ல இருக்குது. டிரைப் போட்ட மேகத்தால கோபுரம் மாறலை. ஆனா முகத்தையே மாத்திப்புட்டா, அப்புறம் அந்தக் குழந்தை எங்க இருக்கும்?

பிரிண்ட் போடறவங்களுக்கு நாலு வார்த்தை

நகரத்துல இருக்கற நண்பர்கள் பல பேர் கேட்டதால, நான் பண்ற முறையை எழுதறேன்.

மொதல்ல, படத்தை வாட்ஸ்அப்ல சும்மா அனுப்பாதீங்க, அது சுருக்கிரும். 'டாக்குமென்ட்'டா அனுப்பச் சொல்லுங்க.

ரெண்டாவது, சின்னதாப் போடுங்க. நாலுக்கு ஆறு இஞ்சு பிரிண்டுக்கு 1200க்கு 1800 பிக்சல் போதும். அதாவது 2 மெகாபிக்சலுக்குக் கொஞ்சம் மேல. போன்ல பெருசாக்கிப் பார்த்தா அசிங்கமாத் தெரியற இரைச்சல், அந்த அளவுல கண்ணுக்கே படாது. அதையே 12க்கு 18 போட்டா மானம் போயிரும்.

மூணாவது, போன் திரை தானா ஒளி விடும், பேப்பர் விடாது. அதனால திரையில சரியாத் தெரியற படம் பிரிண்ட்ல இருட்டாத்தான் வரும். திரை வெளிச்சத்தைப் பாதியாக் குறைச்சு வெச்சுட்டு, முகம் கொஞ்சம் அதிக வெளிச்சமாத் தெரியற அளவுக்கு ஏத்துங்க. அப்பத்தான் பேப்பர்ல சரியா வரும்.

நாலாவது, குண்டு பல்பு வெளிச்சத்துல எடுத்தது மஞ்சளா இருக்கும். முழுசாப் போக்கினா புள்ளை சீக்காளி மாதிரி நீலம் பாய்ஞ்சு நிக்கும். பாதி மஞ்சளை விட்டு வைங்க. அந்த ரூமு அப்படித்தானே இருந்துச்சு. சரிப்பட்டு வரலைன்னா கருப்பு வெள்ளை ஆக்கிருங்க. கலர் இரைச்சல் எல்லாம் பழைய ஃபிலிம் மணலா மாறி அழகாயிரும்.

அஞ்சாவது, இரைச்சலை நீக்கற கோட்டை ரொம்ப இழுக்காதீங்க. புள்ளையோட பூனை முடியும் தோல் மடிப்பும் போயி, ரப்பர் பொம்மை ஆயிரும். 'பியூட்டி' பட்டன் பக்கமே போகாதீங்க. நிறத்தை வெளுக்காதீங்க. திருஷ்டிப் பொட்டைத் தொடாதீங்க.

ஆறாவது, லேபுல 'சில்வர் ஹாலைடு' பேப்பரான்னு கேட்டு, மேட்ல போடுங்க. சட்டம் போட்டா கண்ணாடி படத்து மேல ஒட்டாம நடுவுல அட்டை வெக்கச் சொல்லுங்க. நம்ம ஊரு மழைக்காலத்துல ஈரம் ஏறி, படம் கண்ணாடியோட ஒட்டிக்கிட்டா, பிரிக்கறப்போ முகம் கண்ணாடியோட போயிரும். மண்ணுச் சுவத்துல மாட்டுனா கரையானையும் கவனிக்கணும்.

கடைசியா, பின்பக்கம் எழுதுங்க. புள்ளை பேரு, தேதி, எந்த ஊடு, யாரு மடி. பால்பாயின்ட் பேனாவால அழுத்துனா முன்பக்கம் தெரியும். மை சீக்கிரம் காயற மார்க்கர்ல மெதுவா எழுதுங்க. எங்க ஊட்டுப் பழைய டப்பாவுல இருக்கற நாப்பது படத்துல பதினொண்ணுக்கு யாருன்னே தெரியலை. தெளிவாத்தான் இருக்குது, பேருதான் இல்லை.

அண்ணன் மக அனுப்புன 80ல ஒம்பது படம் தேறுச்சு. அதுல ஒண்ணு, தொட்டில் சேலை வழியா ஜீரோ வாட்ஸ் வெளிச்சம் வடிஞ்சு, புள்ளை கொட்டாவி விடற படம். கை முழுக்க அசைஞ்சு போயிருக்குது. அதைத்தான் எல்லா ஊட்டுக்கும் போட்டிருக்கேன், மொத்தம் ஆறு பிரிண்ட். வெள்ளிக்கிழமை சந்தைக்குப் போறப்போ லேபுல வாங்கிக்கணும்.

மஞ்சள் வெட்டு அடுத்த வாரம் ஆரம்பம். ஆள் கிடைச்சா அதைப் பத்தி எழுதறேன்.